கிழக்கு அறைக் குடித்தனக்காரர்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொல்லிவிட்டுப் போன பெரியவர்கள் கொடுத்து வைத்தவர்கள். அவர்கள் காலத்தில் வீட்டு வரிக்கு மேல்முறையீடு என்று ஒன்று கிடையாது போலிருக்கிறது. இருந்திருந்தால் அதை மூன்றாவதாகச் சேர்த்திருப்பார்கள். முதல் இரண்டையும் அடித்துவிட்டு இதை மட்டும் வைத்துக்கொண்டிருக்கவும் கூடும்.

நம்முடைய லிஃப்ட்காரர் வீட்டைக் கட்டவில்லை, வாங்கினார். ஆயுசில் பாதிக்கு மேல் ஒரு பெரிய ஓட்டலில் லிஃப்ட் ஓட்டியவர். அத்தனை வருஷமும் மேலும் கீழுமாகப் போய்வந்தாரே தவிர, ஒரு மாடியிலும் இறங்கி நின்று அங்கே என்ன இருக்கிறது என்று பார்த்ததில்லை. அதனாலோ என்னவோ, சேர்த்து வைத்ததையெல்லாம் போட்டு, மாடியே இல்லாத வீடாகத் தேடிப் பிடித்து வாங்கினார். முன்னறை, படுக்கையறை, சமையலறை, கிழக்கே ஜன்னல் வைத்த ஒரு சின்ன அறை. அவ்வளவுதான் வீடு.

கிழக்கு அறை மகளுடையது. அவள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது வந்த ஒரு காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. ஒரே பெண். அதற்குப் பிறகு அந்த அறையில் எதையும் யாரும் நகர்த்தவில்லை. கட்டில், மேஜை, தலையணை எல்லாம் அவள் விட்டுப் போனபடியே இருந்தன. தினமும் விளக்கு வைக்கும் நேரத்துக்கு லிஃப்ட்காரரின் மனைவி உள்ளே போவாள். லைட்டைப் போட்டு, கட்டிலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுவாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, லைட்டை அணைத்துவிட்டு, டீ போடப் போவாள். லிஃப்ட்காரர் கூடவே அறை வாசல்வரை வருவார். அதற்கு மேல் வரமாட்டார். மகள் போன நாளிலிருந்து ஒரு தடவைகூட அவர் அந்த அறைக்குள் கால் வைத்ததில்லை. ஏன் என்று மனைவி கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அவருக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

இப்படி இருந்தவர்களுக்குத்தான் வரி அலுவலகத்திலிருந்து தாள் வந்தது. வீட்டு வரி மூன்று மடங்காகியிருந்தது. "கிழக்கு அறை உரிய முறையில் கணக்கில் கொள்ளப்படாமல் இருந்தமை தற்போது கண்டறியப்பட்டது" என்று காரணம் போட்டிருந்தார்கள். லிஃப்ட்காரரின் பென்ஷன் அதைத் தாங்காது. ஒன்று வீட்டை விற்க வேண்டும், இல்லையென்றால் அந்த அறையை வாடகைக்கு விட வேண்டும்.

"பட்டினி கிடந்தாலும் கிடப்பேன், அந்தக் கட்டில்ல இன்னொருத்தர் படுக்க விடமாட்டேன்" என்றாள் மனைவி. "நீங்க போய்ப் பேசிட்டு வாங்க."

வரி அலுவலகம் நாலாவது மாடியில் இருந்தது. கீழே லிஃப்ட் இருந்தது. அதற்குள் ஒரு துடைப்பமும் வாளியும் இருந்தன. தொழில் பாசத்தில் லிஃப்ட்காரர் அதன் முன்னால் ஒரு நிமிஷம் நின்று பெருமூச்சு விட்டுவிட்டுப் படியேறினார். மேலே போனபோது அவருக்கு மூச்சு இரைத்தது. புகார் சொல்ல வருகிறவன் புகாரை மறந்துபோகும் அளவுக்கு உயரத்தில்தான் இந்த அலுவலகங்களை வைக்கிறார்கள்.

அவருக்கு வாய்த்த மதிப்பீட்டாளர் ஒல்லியான மனிதர். மெதுவாகப் பேசினார். மழை இல்லாத நாளிலும் ஒரு குடையை மடியில் வைத்திருந்தார்.

"வாடகைக்கு யாரும் இல்லீங்க சார். நானும் என் சம்சாரமும் மட்டும்தான் இருக்கோம்."

"நீங்க ரெண்டு பேரும் இருக்கறதுக்கும் வரிக்கும் சம்பந்தமே இல்லையே" என்றார் மதிப்பீட்டாளர் பரிவோடு. "யார் யார் இருக்காங்கன்னு பாத்து வரி போட ஆரம்பிச்சா, ஒவ்வொரு வீட்டு ஆளையும் நாங்க தெரிஞ்சுக்க வேண்டியிருக்கும். அது நடக்கற காரியமா? அதனாலதான் சட்டம் நல்லா யோசிச்சு, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருத்தரை வெச்சிருக்கு. அனுமானக் குடித்தனக்காரர்."

"யாரு சார் அது?"

"உங்க வீட்டை வாடகைக்கு விட்டா யார் வருவாரோ, அவர்."

"நான் விடலையே."

"அதனாலதான் அவர் அனுமானம். விட்டிருந்தா நிஜம் ஆயிருப்பாரே. அவர் என்ன வாடகை குடுப்பாரோ, அதுலேருந்துதான் உங்க வரி."

"இவ்வளவு குடுக்கறேன்னு அவர் சொன்னாரா?"

"அவர் நியாயமானவர் சார். சட்டத்துலயே அப்படித்தான் போட்டிருக்கு, நியாயமான குடித்தனக்காரர்னு. பேரம் பேசமாட்டார்."

லிஃப்ட்காரர் சற்று யோசித்தார். அவருக்கு ஒரு வழி தெரிந்த மாதிரி இருந்தது. "அப்ப வரியையும் அவர்கிட்டயே வாங்கிக்கலாமே சார்."

மதிப்பீட்டாளரின் முகம் வாடிப்போயிற்று. படித்த மனிதர் ஒருவர் அபத்தத்தைக் கேட்க நேர்ந்தால் எப்படி வாடுமோ அப்படி. "இல்லாத ஆள்கிட்ட எப்படி சார் வாங்கறது?" என்றார்.

அவர் தங்கமான மனிதர், சும்மா திருப்பி அனுப்பவில்லை. நேரில் வந்து மறுமதிப்பீடு செய்வதாக வாக்குக் கொடுத்தார். கொடுத்தபடியே வந்தும் சேர்ந்தார்.

மறுமதிப்பீட்டுக்கு ஒரு முறை இருக்கிறது. வீட்டுக்காரர்கள் வெளியே போய்விட வேண்டும். மதிப்பீட்டாளர் கதவைச் சாத்திவிட்டு, தானே தட்டி, தானே திறந்துகொண்டு, குடித்தனக்காரராக உள்ளே நுழைவார். "உங்க முகத்தைப் பாத்தா அந்த மனநிலை கலைஞ்சுடும். வீட்டுக்காரங்களப் பாத்தா எந்தக் குடித்தனக்காரருக்கு நிம்மதி இருக்கு?" என்று விளக்கினார். ஆகவே லிஃப்ட்காரரும் மனைவியும் தங்கள் வீட்டு வாசலில், செருப்பு வைக்கும் பலகைக்குப் பக்கத்தில், பார்வையாளர் நேரத்துக்கு முன்பே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டவர்கள் மாதிரி நின்றார்கள். ஜன்னல் வழியே எல்லாம் தெரிந்தது. அவர் நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டார். குழாயைத் திறந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு "ஆஹா" என்றார். "ஆஹா" என்று எழுதியும் கொண்டார். பிறகு கிழக்கு அறைக் கதவில் கை வைத்தார்.

மனைவிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. முறையாவது மண்ணாங்கட்டியாவது என்று உள்ளே ஓடினாள்.

"அது எங்க பொண்ணு ரூம்."

"பொண்ணு எங்கம்மா?"

"இல்ல."

"அப்ப ரூம் காலி."

"காலி இல்ல."

"ஆள் இல்லாத ரூமைக் காலின்னுதானேம்மா சொல்லணும்?"

"உங்க குடித்தனக்காரரும்தான் இல்லாத ஆளு. அவருக்கு மட்டும் எதுக்கு ரூம்?"

மதிப்பீட்டாளர் இதைக் கேட்டுக் கோபப்படவில்லை. குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, நின்று நிதானமாக விளக்கினார். "இல்லாததுல ரெண்டு வகை இருக்கும்மா. உங்க பொண்ணு இருந்து இல்லாம போனவங்க. அது ரொம்ப வருத்தம்தான், ஆனா எங்க கணக்குல வராது. அவர் அப்படி இல்ல. அவர் இல்லாமலேயே இருக்கறவர்."

மதிப்பீட்டாளர் அறைக்குள் போனார். பல வருஷமாகச் சாத்தியிருந்த கிழக்கு ஜன்னலைத் திறந்தார். காற்று வந்தது. கட்டிலில் உட்கார்ந்தார், பிறகு படுத்தார், தலையணையைத் தட்டிப் போட்டுக்கொண்டார். வெகுநேரம் அசையவே இல்லை. மனைவியின் பின்னாலேயே வந்து அறை வாசலில் நின்ற லிஃப்ட்காரர் உள்ளே பாய்ந்து அந்த மனிதனைச் சட்டையைப் பிடித்து இழுத்து எறிந்துவிட வேண்டும் என்று நினைத்தார். ஆனால் அதற்கு உள்ளே போக வேண்டுமே. அது அவரால் முடியவில்லை.

வெளியே வந்தபோது மதிப்பீட்டாளரின் கண் கலங்கியிருந்தது. "அவருக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு சார்" என்றார். "இவ்வளவு பிடிக்கும்னு நானே நினைக்கல."

அடுத்த தாளில் வரி இன்னும் ஏறியிருந்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை என்பார்கள். இங்கே பூதம் கிளம்பியதோடு நிற்கவில்லை, குடிவந்தும் விட்டது.

எப்படி ஆரம்பித்தது என்று சொல்வது கஷ்டம். மனைவி ஜன்னலைச் சாத்தி வைத்தாள். காலையில் திறந்திருந்தது. கொக்கி தளர்ந்திருக்கும் என்று லிஃப்ட்காரர் சொன்னார். தெருவில் நின்று வெளிப்புறமாகவே கம்பி போட்டுக் கட்டினார். மறுநாளும் திறந்திருந்தது. கம்பி தரையில் சுருண்டு கிடந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனால் குளியலறைக் கதவைத் தள்ளும் முன் தொண்டையைக் கனைக்க ஆரம்பித்திருந்தார். ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். முன்னறை நாற்காலிகளில் ஒன்றை இருவரும் காலியாகவே விட்டார்கள். யாரும் யாருக்கும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஒரு நாள் சாப்பிடும்போது மனைவி கேட்டாள். "அவருக்குக் கல்யாணம் ஆயிருக்குமா?"

"யாருக்கு?"

"அவருக்குத்தான்."

லிஃப்ட்காரர் நியாயமாக இந்த இடத்தில் திட்டியிருக்க வேண்டும். அவரோ கொஞ்சம் யோசித்துவிட்டு, "தெரியலையே" என்றார்.

"தனி ஆளாத்தான் இருக்கணும். குடும்பஸ்தனா இருந்தா இவ்வளவு சத்தமில்லாம இருக்க முடியாது." சொல்லிவிட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தலையணைல ஒரு பள்ளம் இருக்குமே, உங்களுக்குத் தெரியாது, நீங்க உள்ள வந்தாத்தானே. அது அவ தலை வெச்ச பள்ளம்ங்க. நான் கை படாமப் பாத்துட்டு வந்தேன். அந்த ஆள் தட்டிப் போட்டுட்டான். இப்பவும் பள்ளம் இருக்கு. ஆனா யாரு தலைன்னு தெரியல."

லிஃப்ட்காரர் கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியதாம் என்று கேள்விப்பட்டிருக்கிறார். ஒண்டவே வராத பிடாரியும் அதைச் செய்யும் என்று இப்போதுதான் பார்க்கிறார்.

அலுவலகத்துக்குக் கீழே, படிக்கட்டின் அடியில், மனு எழுதுகிறவர் ஒருவர் பழைய டைப்ரைட்டரோடு உட்கார்ந்திருந்தார். ஒரே விரலால் தட்டுவார். மற்ற விரல்களால் பீடி பிடிப்பார். லிஃப்ட்காரர் அவரிடம் போனார். வீட்டில் குறை இருந்தால் வாடகை குறையும், வாடகை குறைந்தால் வரி குறையும் என்று அவர் பாடம் நடத்தினார். கூரை ஒழுகுகிறது என்று ஒரு மனு போட்டார்கள். 'குடித்தனக்காரர் மழையை ரசிப்பவர்' என்று பதில் வந்தது. வீட்டுக்குப் பின்னாலேயே ரயில் பாதை, தூங்க முடியாது என்று இன்னொன்று போட்டார்கள். 'அவர் தனிமையில் இருப்பவர், சத்தம் அவருக்குத் துணை' என்று வந்தது.

"ரொம்ப அனுசரிச்சுப் போற ஆளா இருக்கானே" என்று மனு எழுதுகிறவர் பல்லைக் கடித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. பேய்."

"என்னது?"

"விதியிலயே இருக்குண்ணே. 'குடியிருப்பவரின் நிம்மதியைக் கெடுக்கும் தோற்றங்கள்'னு ஒரு தலைப்பு. இருந்தா நல்ல தள்ளுபடி. பேய் வீட்டுக்கு எவன் வாடகை குடுப்பான்?"

"பொய்யாச்சே."

"அவங்க ஆளு மட்டும் மெய்யா? இல்லாத ஒருத்தனைக் கிளப்பணும்னா இல்லாத இன்னொருத்தன்தான்ணே போகணும். உங்களால என்னால முடியாது."

லிஃப்ட்காரர் வாழ்க்கையில் பெரிதாகப் பொய் சொன்னதில்லை. மூன்றாவது மாடி போக வேண்டியவரை நாலாவதில் இறக்கிவிட்டு "இதுதான் சார்" என்று சொன்னதில்லை. ஆனாலும் கையெழுத்துப் போட்டார். மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாளோ அழுவாளோ என்று பயமாக இருந்தது.

விசாரணை நாளில் மனு எழுதுகிறவர் படியிலேயே ஒத்திகை பார்த்தார். பாத்திரம் உருளும், கதவு தானாக ஆடும், யாரோ நடக்கிற சத்தம் கேட்கும், இவ்வளவும் போதும் என்றார். நாலு மாடி ஏறி முடிப்பதற்குள் லிஃப்ட்காரருக்குப் பாதி மறந்துபோயிற்று.

மேல்முறையீட்டு அதிகாரி பருமனானவர். அவர் மேஜையில் ஒரு மணி இருந்தது. எதிரே இரண்டு நாற்காலிகள். லிஃப்ட்காரர் ஒன்றில் உட்காரப் போனார்.

"அது இல்ல, அது அவருக்கு" என்றார் பக்கத்தில் நின்ற மதிப்பீட்டாளர், குடையால் தடுத்து.

அதிகாரி காலி நாற்காலியைப் பார்த்து மரியாதையாகத் தலையை அசைத்தார். மணியை அடித்தார். பிறகு பேச ஆரம்பித்தார். இந்த மாதிரி அதிகாரிகள் பேச ஆரம்பித்தால் தங்களைப் பற்றி எதிரிகூடச் சொல்லத் துணியாத உண்மைகளையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிடுவார்கள். தடுக்க யாராலும் முடியாது.

"இந்த ஊர்ல எத்தனையோ பேர் குடியிருக்காங்க" என்றார். "எல்லாரும் கத்தறாங்க. தண்ணி வரலைங்கறாங்க, தெருவிளக்கு எரியலைங்கறாங்க, படியேற முடியலைங்கறாங்க. உயிரோட இருக்கறவங்களுக்கு நன்றியே கிடையாது. ஆனா நம்ம அனுமானக் குடித்தனக்காரர் இருக்காரே, எத்தனை தலைமுறையா இருக்கார்! ஒரு நாள், ஒரே ஒரு நாள், எங்களைப் பத்திக் குறை சொல்லியிருக்காரா? சாக்கடை பத்திக் கேட்டிருக்காரா? ஓட்டு போட்டுட்டு எங்க தலைமேல ஏறியிருக்காரா? அவரைத்தான் நான் குடிமகன்னு சொல்லுவேன். இந்த அலுவலகமே அவருக்காகத்தான் நடக்குது. நீங்கள்லாம் அவர் பேருக்கு வரி கட்டறவங்க, அவ்வளவுதான். இப்ப அப்பேர்ப்பட்டவர் இருக்கற வீட்டுல பேய்ங்கறீங்க. என்ன பேய்?"

"பாத்திரம் உருளும் சார்."

"பூனை. செல்லாது."

"கதவு... தானா ஆடும்."

"காத்து. எல்லாரும் இதையேதான் எழுதிட்டு வராங்க. அந்த டைப்ரைட்டர்ல வேற எழுத்தே இல்லையா? கேள்விப்பட்டதெல்லாம் வேணாம். உங்க கண்ணால பாத்ததைச் சொல்லுங்க."

லிஃப்ட்காரர் வாயைத் திறந்தார். ஒத்திகை பார்த்தது எதுவும் ஞாபகம் வரவில்லை. பொய் சொல்லிப் பழகாதவனிடம் பொய் கேட்டால் அவன் என்ன செய்வான்? தெரிந்ததைத்தான் சொல்வான்.

"ஒரு பொம்பளை சார்" என்றார். "தினம் சாயங்காலம் அந்த கிழக்கு ரூமுக்குள்ள போகும். லைட்டைப் போடும். கட்டில்ல உக்காந்துக்கும்."

"என்ன பண்ணும்?"

"அழும்."

மதிப்பீட்டாளர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"சத்தம் போட்டா?"

"இல்ல சார். சத்தமே வராது. தோள் மட்டும் குலுங்கும். அப்புறம் முகத்தைத் துடைச்சுக்கிட்டு, லைட்டை அணைச்சுட்டுப் போயிடும்."

"அது மட்டும்தானா?"

"ஒரு ஆம்பளையும் உண்டு" என்றார் லிஃப்ட்காரர். அவர் குரல் அவருக்கே எங்கிருந்தோ வருவது மாதிரி இருந்தது. "அது வாசல்லயே நிக்கும். உள்ள வராது."

"ஏன் வராது?"

"தெரியல சார். அதால முடியறதில்ல."

அதிகாரி மெல்லத் திரும்பினார். காலி நாற்காலியைப் பார்த்து, "நீங்க பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருந்தார். மதிப்பீட்டாளரும் காத்திருந்தார். லிஃப்ட்காரருக்கு முதுகில் குளிர் ஏறியது, ஏனென்றால் அவரும் காத்திருந்தார். அதிகாரி சற்று முன்னால் சாய்ந்து, ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டு, இரண்டு தடவை தலையை ஆட்டினார்.

"தினமும் பாக்கறாராம்" என்றார். "அந்தப் பொம்பளை வரும்போது எழுந்து சுவரோரமா நின்னுக்குவாராம். அந்த ஆம்பளையப் பாத்தாத்தான் அவருக்கு ரொம்பப் பாவமா இருக்குமாம்."

மணி அடித்தது. லிஃப்ட்காரர் நாலு மாடியும் எப்படி இறங்கினார் என்று அவருக்கு நினைவில்லை.

மேல்முறையீடு வெற்றி. உத்தரவு வந்தது. அதில் வரி பழைய வரியையும்விடக் குறைந்திருந்தது. மனு எழுதுகிறவர் தன் வாழ்நாளில் இப்படி ஒரு தீர்ப்பைப் பார்த்ததில்லை என்று சொல்லிப் பீடியைக் கீழே போட்டார். லிஃப்ட்காரர் உத்தரவை வீட்டுக்கு எடுத்துவந்து ஒளித்து வைக்கப் பார்த்தார். நாலே அறை உள்ள வீட்டில், அதிலும் ஒன்றுக்குள் போகமாட்டேன் என்கிற மனிதர், எதை எங்கே ஒளிக்க முடியும்? மனைவி எடுத்துப் படித்தாள்.

அதில் இப்படி இருந்தது: கிழக்கு அறையின் குடித்தனக்காரர் இரண்டு தோற்றங்களால் நிம்மதி இழந்து வாழ்வது விசாரணையில் உறுதியாகிறது. ஒன்று, அழும் பெண். மற்றது, வாசலில் நிற்கும் ஆண். மேற்படி தோற்றங்கள் வழக்கம்போல் தொடரும்வரை தள்ளுபடி செல்லும். தோற்றங்கள் நின்றாலோ, தங்கள் வழக்கத்தை மாற்றிக்கொண்டாலோ, முழு வரியும் பழைய பாக்கியோடு வசூலிக்கப்படும். மதிப்பீட்டாளர் எந்த மாலையிலும் வந்து சரிபார்ப்பார்.

மனைவி படித்து முடித்தாள். தாளை மடித்தாள்.

"என்னைப் பேய்ன்னு சொன்னீங்களா?"

"என்னையும் சேத்துத்தான் சொன்னேன்."

"பேய்க்கு வாழ்க்கைப்பட்டா புளியமரம் ஏறணும்னு எங்க அம்மா சொல்லுவாங்க. அப்ப சிரிச்சேன்." அவள் இப்போதும் சிரித்தாள். உண்மையிலேயே சிரித்தாள், கண்ணில் நீர் வரும்வரைக்கும். லிஃப்ட்காரருக்கு நிம்மதியாக இருந்தது. பிறகு அவள் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "நான் அழறதை நீங்க பாத்துட்டா இருந்தீங்க, இத்தனை வருஷமா?"

"ஆமா."

"நீங்க வாசல்ல தரையப் பாத்துட்டு நிக்கறீங்கன்னுல்ல நினைச்சேன்."

"தரையும் பாப்பேன்."

"இன்னிக்கு உள்ள வாங்க" என்றாள். கணவனை இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்த அறைக்குள் கூப்பிட்டாள். கூப்பிட்டால் வருவாரா மாட்டாரா என்று தெரியாமலேயே கூப்பிடாமல் இருந்திருக்கிறாள், பாவம். அவரும் கூப்பிடட்டும் என்று நின்றிருப்பார் போல.

"வரேன்" என்றார் லிஃப்ட்காரர்.

விளக்கு வைக்கும் நேரம் வந்தது. அவள் முன்னால் போனாள், அவர் பின்னால் போனார். கிழக்கு அறை வாசலில் அவள் நின்றாள். கதவைத் தள்ளவில்லை. விரலை மடக்கி, மெதுவாக, இரண்டு தட்டுத் தட்டினாள். உள்ளே இருப்பவர் எழுந்து சுவரோரம் ஒதுங்குவதற்கு வேண்டிய நேரம் காத்திருந்தாள். பிறகு உள்ளே போய் லைட்டைப் போட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"வாங்க" என்றாள்.

லிஃப்ட்காரர் காலைத் தூக்கினார். ஆச்சரியம், கால் தூக்க வந்தது. மேஜை தெரிந்தது, மகளின் புத்தகங்கள் தெரிந்தன, தலையணை தெரிந்தது. உள்ளே போய்விடலாம், ஒன்றும் ஆகாது என்று அவருக்குத் தோன்றியது. திறந்த ஜன்னலுக்கு வெளியே தெரு தெரிந்தது. எதிர்ச்சாரியில், மூடிய கடை ஒன்றின் படியில், மழை இல்லாமலே குடையைப் பிடித்துக்கொண்டு மதிப்பீட்டாளர் நின்றிருந்தார். அங்கிருந்து பார்த்தால் கட்டிலும், அதற்கு நேர் பின்னால் வாசலும் நன்றாகத் தெரியும். அவர் கையில் உத்தரவின் நகல் இருந்தது.

லிஃப்ட்காரர் தூக்கிய காலைப் பழைய இடத்திலேயே வைத்தார்.

மனைவி அவரைப் பார்த்தாள். பிறகு அவர் பார்த்த திசையில் ஜன்னலைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்தது. முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். வெகுநேரம் அப்படியே இருந்தாள். தோள் குலுங்கவில்லை.

"ஏங்க" என்றாள் கைக்குள்ளிருந்தே. "அழுகை வரமாட்டேங்குது."

தெருவில் மதிப்பீட்டாளர் குடையை மடக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு, சட்டைப் பையில் பேனாவைத் தேடினார். இந்த வீட்டை விட்டால் போவதற்கு வேறு இடமில்லை. இந்த அறையை விட்டால் மகள் இருந்ததற்கு வேறு சாட்சியுமில்லை.

"கொஞ்சம் அழும்மா" என்றார் லிஃப்ட்காரர் கெஞ்சலாக. "பாத்துட்டிருக்கார்."

சொல்லி முடித்ததும், என்ன சொன்னோம் என்பது அவர் காதில் விழுந்தது. நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டார். அதற்கு மேல் அவரால் அடக்க முடியவில்லை. மகள் போனதற்கு அன்று அழாததையெல்லாம் சேர்த்து, வாய்விட்டு, சத்தமாக அழுதார். உத்தரவில் வாசலில் நிற்கும் ஆண் அழுவதாக எங்குமே இல்லை. மதிப்பீட்டாளர் தெருவிளக்கின் அடிக்கு நகர்ந்து, தாளைக் கம்பத்தில் வைத்து, அதையும் எழுதிக்கொண்டார்.